மச்சான் மாலையும் பலாப்பழ பீரும்

முதல் பாட்டில் வெடித்தபோது மாப்பிள்ளை வீட்டார் காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"அட, வேட்டெல்லாம் போட்டு வரவேற்கிறாங்கப்பா" என்று மாப்பிள்ளையின் அப்பா கோவிந்தசாமி சிரித்தார். ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்ற தில்லையம்மாளும் என்ன ஏது என்று தெரியாமல் சிரித்து வைத்தாள். அவள் மகன் சேரன் மட்டும் சிரிக்கவில்லை. சத்தம் வந்தது தன் வீட்டு ஸ்டோர் ரூமிலிருந்து என்று அவனுக்குத்தான் தெரியும்.

அன்று அவன் தங்கை இசைவாணிக்கு நிச்சயதார்த்தம். சிதம்பரத்தில் கூடப் படித்த அன்புமணியைத்தான் கட்டுவேன் என்று அவள் இரண்டு வருடமாகப் பிடிவாதமாக நின்றிருந்தாள். திட்டக்குடியிலிருந்த அவன் அப்பா அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் இறங்கி வந்தபோது அவர் ஜாதகம் கேட்கவில்லை, நகை கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான்.

"வீட்டுல யாருக்காவது குடிப்பழக்கம் இருக்கா?"

"இல்ல மாமா" என்று சேரன்தான் பதில் சொன்னான். கண் இமைக்காமல் சொன்னான். அவனைப் பொறுத்தவரை அது பொய்யே இல்லை. குடிப்பது என்றால் டாஸ்மாக் வாசலில் நின்று பல்லால் மூடியைக் கடித்துத் திறப்பது. சேரன் செய்வது டேஸ்டிங். சனிக்கிழமைகளில் பாண்டிச்சேரிக்குப் போய், சொந்தமாக பீர் தயாரிக்கும் ஒரு ரெஸ்டாரண்டில் உட்கார்ந்து, சின்னச் சின்ன கிளாஸ்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மூக்கை உள்ளே விட்டு, "லேசா ஆரஞ்சுத் தோல். பின்னாடி ஈர வைக்கோல்" என்று சொல்வது.

கூட வரும் தட்சிணாமூர்த்தி அதை ஒத்துக்கொள்ள மாட்டான். "ஈர வைக்கோல் இல்ல மச்சான். காஞ்ச வைக்கோல் மேல தூறல் போட்ட வாசனை." இந்த வித்தியாசத்துக்காக இருவரும் ஒரு மாதம் பேசாமல் இருந்ததுண்டு.

கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனி லேபில் வேலை பார்ப்பவன் சேரன். அளக்கிற கை சும்மா இருக்குமா? வீட்டிலேயே பீர் தயாரிக்க ஆரம்பித்தான். முதல் தடவை செய்ததைத் தட்சிணாமூர்த்தி வாயில் வைத்துப் பார்த்து, "வாசனை ஓகே. கேஸ் இல்ல. வடிகஞ்சி மாதிரி படுத்துக் கெடக்கு" என்றான்.

அந்த வடிகஞ்சி சேரனைத் தூங்கவிடவில்லை. அடுத்த தடவை பண்ருட்டிப் பலாச்சுளை, முளைகட்டிய கோதுமை மால்ட், ஜெர்மனியிலிருந்து வந்த ஈஸ்ட் என்று பார்த்துப் பார்த்துப் போட்டான். கம்பி மூடி போட்ட அரை லிட்டர் பாட்டில்களில் அடைக்கும்போது, நுரைக்காகச் சேர்க்கிற சர்க்கரையைக் கொஞ்சம் தாராளமாகவே விட்டான். அடுத்த ஞாயிறு பாண்டிச்சேரியில், வீட்டில் பீர் செய்கிறவர்களுக்கு ஒரு போட்டி. அதுவரை ஸ்டோர் ரூமில் ஈரச்சாக்கு போர்த்தி, பக்கத்தில் டேபிள் ஃபேனை ஓடவிட்டிருந்தான். இன்று காலையில் கரண்ட் போனது. வைகாசி வெயிலில் ஸ்டோர் ரூம் அடுப்பாகிக் கிடந்தது.

எல்லோரும் ஹாலில் உட்கார்ந்து கேசரித் தட்டைக் கையில் வாங்கியதும் சேரன் பின்பக்கம் ஓடினான். தட்சிணாமூர்த்திக்கு போன் போட்டான். விசேஷத்துக்காகக் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பைக்கில் கிளம்பியவன் புதுச்சத்திரம் தாண்டியிருந்தான்.

"மச்சான், பாட்டில் வெடிக்குது."

"சர்க்கரை எவ்வளவு போட்ட?"

"எட்டு கிராம்."

"லிட்டருக்கு எட்டு கரெக்ட்தானே. அப்புறம் ஏன்..."

"லிட்டருக்கு இல்ல. பாட்டிலுக்கு."

போனில் பைக் சடாரென்று பிரேக் போடும் சத்தம் கேட்டது. "அது பீர் இல்ல மச்சான். நாட்டு வெடி."

"என்ன பண்றதுன்னு சொல்லுடா. ஹால்ல மாப்பிள்ளை வீடு உக்காந்திருக்கு. என் தங்கச்சி வாழ்க்கைடா."

"ஒவ்வொண்ணா கம்பியத் தளத்தி கேஸ வெளிய விடு. மூஞ்சிக்கு எதாவது போட்டுக்க. ஆங், மச்சான்..."

"சொல்லு."

"ஒண்ண மட்டும் எனக்கு எடுத்து வை. அவ்வளவு கேஸ்ல பலா வாசனை எப்படித் தூக்கும்னு பாக்கணும்."

சேரன் போனை அணைத்தான். பட்டு வேட்டி, சட்டையோடு தலையில் பைக் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, கையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குள் போனான். முதல் பாட்டிலைத் தொடுவதற்குள் மூலையில் இருந்த ஒன்று வெடித்தது. கண்ணாடிச் சில்லு ஹெல்மெட்டில் பட்டுத் தெறித்தது. பழுத்த பலாவும் புளித்த மாவும் கலந்த வாசனை குப்பென்று கிளம்பி, கதவிடுக்கு வழியாக ஹாலை நோக்கி நடந்தது.

இசைவாணி பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்தபடி ஓடிவந்தாள். ஹெல்மெட்டோடு நின்ற அண்ணனைப் பார்த்தாள். ஈரச்சாக்கைப் பார்த்தாள்.

"இத எங்கயாவது தூக்கிப் போடுன்னு போன வாரமே சொன்னனா இல்லையா?"

"இன்னும் ஒரு வாரம் விட்டா டேஸ்ட் செட் ஆயிடும்னு..."

"அண்ணா." அவள் குரல் உடைந்தது. "ரெண்டு வருஷம்ணா."

ஹாலிலிருந்து கோவிந்தசாமியின் குரல் வந்தது. "என்னம்மா அது சத்தம்? புளிச்ச வாடையும் அடிக்குது?"

அவர் ஸ்டோர் ரூம் வாசலுக்கே வந்துவிட்டார். பின்னால் தில்லையம்மாள், அவளுக்குப் பின்னால் அன்புமணி. சேரன் ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"பழக்கரைசல் மாமா" என்றாள் இசைவாணி. "அண்ணன் மாடித்தோட்டத்துக்கு உரமா ஊற வெச்சிருக்கான். வெயிலுக்கு வெடிச்சிடுச்சு."

கோவிந்தசாமியின் முகம் மலர்ந்ததைப் பார்த்து சேரனுக்கு அழுகையே வந்துவிட்டது. மனுஷன் பதினைந்து வருடமாக இயற்கை விவசாயம் செய்கிறவர் என்பது அவனுக்கு மறந்தே போயிருந்தது. மீன் அமிலம், பஞ்சகவ்யம், பழக்கரைசல் என்று எதையாவது ஊற வைத்து, அதைப் பற்றி வாட்ஸ்அப் குழுவில் காலை முதல் மாலைவரை பேசுகிறவர்.

"டவுன்ல இருந்துகிட்டு இதெல்லாம் செய்யுறீங்களா தம்பி? எங்க, காட்டுங்க." அவர் ஒரு பாட்டிலை எடுத்துக் கம்பியை நிதானமாகத் தளர்த்தினார். அப்படியும் நுரை பீய்ச்சி அவர் வெள்ளைச் சட்டையை நனைத்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. விரலில் தொட்டு முகர்ந்தார். முகம் மெல்லச் சுருங்கியது.

"வெல்லமா போட்டீங்க?"

"சர்க்கரை மாமா."

"அஸ்காவா, வெள்ளைச் சர்க்கரையா?" அவருக்கு வலித்தது. "பலாவைத் தோலோட போட்டீங்களா?"

"சுளை மட்டும்."

"தோல்லதானே தம்பி சத்தே இருக்கு. தெனமும் மூடியத் தொறந்து காத்து விடணும், அதுவும் செய்யல. சட்டியில வெக்காம கண்ணாடி பாட்டில்ல அடைச்சிருக்கீங்க. இது கரைசலே இல்ல. எங்க குழுவுல இந்தப் போட்டோவைப் போட்டா சிரிப்பாங்க."

சேரன் பல்லைக் கடித்தான். "சரி மாமா" என்று சொல்லிவிட்டால் முடிந்தது. இசைவாணியின் கண்கள் அதைத்தான் கெஞ்சின. தில்லையம்மாள் வேறு, "வாங்க அண்ணே, நேரம் ஆவுது, மச்சான் மாலை போட்டுரலாம்" என்று எல்லோரையும் ஹாலுக்குத் திருப்பப் பார்த்தாள். மாப்பிள்ளைக்குப் பெண்ணின் அண்ணன் போடுகிற மாலை. அப்பா இல்லாத வீட்டில் அந்த மாலையைச் சேரன் தானே கடைத்தெருவுக்குப் போய்ப் பொறுக்கி எடுத்து வந்திருந்தான்.

அந்த நேரம் பார்த்துப் பின்வாசல் வழியாகத் தட்சிணாமூர்த்தி வந்து சேர்ந்தான். விஷயத்தைக் காதில் வாங்கியதும் சட்டென்று புரிந்துகொண்டு, உதவி செய்யத்தான் நினைத்தான்.

"ஐயா சொல்றது கரெக்ட். இவனுக்குக் கரைசல் வெக்கத் தெரியாது" என்று சொல்லி, தரையில் ஓடிய நுரையில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நல்லாப் புளிச்சிருந்தா கிராம்பு வாசனை வரணும், வரல பாத்தீங்களா? ஓவர் சூடு. மூணாம் நாளே கெட்டிருக்கும்."

"கெடலடா" என்றான் சேரன்.

"புளிப்புத் தட்டுது மச்சான்."

"அது பலாவோட புளிப்பு."

"புளிச்சதுதான் தம்பி" என்றார் கோவிந்தசாமி. "அழுக்குத் தண்ணி. செடிக்கு ஊத்துனா செடி செத்துடும்."

"அழுக்குத் தண்ணியா?" சேரனின் குரல் அவனைக் கேட்காமலே உயர்ந்தது. "பாட்டில்ல அடைக்கிறதுக்கு முன்னாடி பிரிட்ஜ்ல பதினெட்டு டிகிரி செட் பண்ணி, பாத்துப் பாத்துப் புளிக்க வெச்சது. ஜெர்மன் ஈஸ்ட். இந்த மாவட்டத்துலயே எவனும் செஞ்சிருக்க மாட்டான். இது கரைசல் இல்ல மாமா, கோதுமை பீர்."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவன் காதில் விழுந்தது.

இசைவாணி சுவரைப் பிடித்துக்கொண்டாள். கோவிந்தசாமி கையிலிருந்த பாட்டிலைத் தரையில் வைத்தார்.

"பீரு. வீட்டுலயே வடிச்சதா?"

"வடிக்கல மாமா" என்றான் சேரன். குழிக்குள் நின்றுகொண்டு இன்னும் தோண்டினான். "வடிக்கிறது வேற, புளிக்க வெக்கிறது வேற. காய்ச்சி வடிச்சாத்தான் அது..."

"எங்க ஊர்ல இதுக்கு ஊறல்னு பேரு" என்றார் அவர். "போலீஸ் வந்து குழியில கொட்டி அழிப்பாங்க."

அவர் ஈரமான சட்டையைப் பார்த்தபடியே சொன்னார்.

"என் தம்பிகிட்ட சாராயம்னு சொன்னா அடிக்க வருவான். 'மலைச் சரக்குண்ணே, வேலம்பட்டை போட்டுக் காய்ச்சுனது, மொத சொட்டு'ம்பான். வெல்லம் ஜாஸ்தியானா துப்பிடுவான். கண்டதையும் தொட மாட்டான், நாக்கு அப்படி. மொத சொட்டுன்னு எவனோ குடுத்தத நம்பி வாங்கிட்டான். விடியறதுக்குள்ள கண்ணு போச்சு. மத்தியானம் ஆளும் போயிட்டான். நீங்க பேசறப்ப எனக்கு அவன் பேசற மாதிரியே இருந்துச்சு."

பிறகு இசைவாணியைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும் மாமா. பொய் சொன்னது நான்தான்." அவள் அழாமல் சொன்னாள். "இன்னைக்கு நின்னுடக் கூடாதுன்னு சொல்லிட்டேன்."

"அப்பா, நான் இவளத்தான் கட்டிக்கப் போறேன். இவ அண்ணனை இல்ல" என்றான் அன்புமணி.

கோவிந்தசாமி சட்டையில் ஒட்டியிருந்த நுரையைத் துடைத்தார். ஹாலில் யாரோ கேசரித் தட்டை வைக்கும் சத்தம் கேட்டது.

"தட்டு மாத்திக்கலாம்" என்றார் கடைசியில். "பொண்ணு உண்மைய ஒத்துக்கிச்சு. ஆனா மச்சான் மாலைய வேற யாராவது போடட்டும். இந்தக் கையால வேணாம்."

தில்லையம்மாள் மகனைப் பார்த்தாள். இசைவாணி பார்க்கவில்லை. "சரி மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஹாலில் பெரியப்பா மகன் மாலையைப் போட்டபோது சேரன் பின்கட்டில் கறிவேப்பிலை மரத்தடியில் உட்கார்ந்து மிச்சமிருந்த பாட்டில்களைத் திறந்து கொட்டிக்கொண்டிருந்தான். உள்ளே கைதட்டினார்கள். கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினால் கையெல்லாம் பலா வாசனை.

தட்சிணாமூர்த்தி பக்கத்தில் நின்றான். வெகுநேரம் பொறுத்துப் பார்த்தான். முடியவில்லை.

"மச்சான். மண்ணுல ஊத்தியும் நுரை அப்படியே நிக்குது பாரு."

"வாய மூடுடா."

இசைவாணி கழுத்தில் புது மாலையோடு வந்து, ஒரு கிண்ணம் கேசரியை அவன் பக்கத்தில் வைத்தாள்.

"நல்லாவாவது இருந்துச்சாண்ணா?"

"தெரியல" என்றான் சேரன். "ஒரு வாய் கூடக் குடிக்கல."

அவள் சிரித்தாளா, அழுதாளா என்று பார்ப்பதற்குள் அம்மா கூப்பிட்டுவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் கிளம்பினார்கள். சேரன் வாசலுக்குப் போய் ஓரமாக நின்றான். தட்சிணாமூர்த்தி அவன் காதருகே குனிந்தான்.

"ஒண்ணு மட்டும் பைக் பெட்டியில வெச்சிருக்கேன்."

சேரன் திரும்பிப் பார்த்தான். பைக் வெயிலில் நின்றது. அதற்கு ஒரு முழம் தள்ளி, கார் கதவைப் பிடித்துக்கொண்டு கோவிந்தசாமி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

யோசிக்க நேரமில்லை. சேரன் ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தான். பாட்டில் கொதித்தது. அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். தெருப்பக்கம் திரும்பி மறைத்துக்கொண்டு நடந்துவிடலாம். யாருக்கும் தெரியாது. நாலு அடி எடுத்து வைத்தவன் நின்றான். திரும்பி வந்தான்.

"மாமா. ஒண்ணு மிச்சம் இருந்துச்சு."

கோவிந்தசாமி அவனையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். வாங்கிக்கொண்டார். முகத்தை ஒதுக்கி வைத்து, கம்பியைத் துளித் துளியாகத் தளர்த்தி, கேஸ் முழுக்கச் சீறி அடங்கும்வரை காத்திருந்தார். ஒரு சொட்டு நுரை வெளியே வரவில்லை. பிறகு அவ்வளவையும் சாக்கடையில் கவிழ்த்தார்.

காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கப்போனவர், கை பாதியில் நிற்க, அதன் வாயை மூக்கருகே கொண்டுபோனார்.

"பலா பண்ருட்டியா?"

"ஆமா மாமா."

"சர்க்கரை ஜாஸ்தி."

சேரனிடம் பதில் இருந்தது. அந்தச் சர்க்கரை இனிப்புக்காக இல்லை, நுரைக்காக. ஈஸ்ட் அதைச் சாப்பிட்டுவிடும். நாக்கில் துளிகூட நிற்காது. எல்லாம் நுனி நாக்குவரை வந்தது.

"ஆமா மாமா" என்றான். "ஜாஸ்திதான்."

கோவிந்தசாமி காரில் ஏறிக் கதவைச் சாத்தினார்.