பைக்குள் பிடித்த விதை

ஆராய்ச்சித் தோட்டத்தில் அவளுக்குப் ‘பைக்காரி’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. மொட்டு விரியும் முன் காகிதப் பை மாட்டி, வெளி மகரந்தம் அண்டாமல் கட்டுவதுதான் வேலை. பதினோரு வருடத்தில் ஒரு கட்டுகூட அவிழ்ந்ததில்லை.

புதிதாக வந்த மஞ்சள் காட்டுப்பூ அந்தப் பெயரைக் கெடுத்தது. அதன் சொந்த மகரந்தம் வெறும் சொத்தை. வெளியிலிருந்து வந்தால்தான் விதை பிடிக்கும் என்று நம்பியிருந்தார் ஆராய்ச்சியை நடத்தும் மேடம். ஆனால் பை மாட்டிய பூவெல்லாம் விதை பிடித்தது.

“எங்கயோ பை லூசா இருந்திருக்கும்மா. தேனீ பூந்திருக்கும்,” என்றார் மேடம், தன்மையாகத்தான். அதுவே இவளுக்குச் சுருக்கென்றது.

“என் கட்டுல எறும்புகூட நுழையாது மேடம்.”

தொட்டி கழுவும் அண்ணி சாப்பாட்டு வேளையில் சமாதானம் சொன்னாள். “விடேன். பூ காய்ச்சா நல்லதுதானே?”

“காய்க்கட்டும் அண்ணி. பழி என் தலையிலதானே விழுது!”

மறுநாள் மேடத்தை நிற்கவைத்துக்கொண்டே பிளேடை எடுத்தாள். பத்து மொட்டுகளின் மேல்பாதியைச் சீவி எறிந்தாள். அடியில் இருந்த பச்சைப் பகுதி மட்டும் மிஞ்சியது. அதற்கும் பை மாட்டி இரட்டை முடிச்சுப் போட்டாள்.

“மகரந்தம் வர்ற இடமும் போச்சு, விழுற இடமும் போச்சு. இனி தேனீ வந்து என்ன பண்ணும்னு பாப்போம்.”

மேடம் சிரிக்கவில்லை. தேதியைத் தானே சீட்டில் எழுதிக் கட்டினார்.

இரண்டு வாரம் கழித்துப் பைகளைப் பிரித்தார்கள். ஒன்று அழுகியிருந்தது. மற்ற ஒன்பதிலும் வெள்ளைப் பஞ்சோடு விதைகள்! மேடம் கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்துவிட்டார்.

“நான்தான் அவசரப்பட்டுப் பேசிட்டேன். இது மகரந்தமே இல்லாம விதை போடுற ஜாதி.”

விதைத்ததில் முப்பத்தெட்டு முளைத்தன. அதே பல்வெட்டு இலை, அதே சிவந்த காம்பு. அத்தனையும் தாயை உரித்து வைத்தாற்போல இருந்தன.

அண்ணி எட்டிப் பார்த்தாள். “மாப்பிள்ளையே இல்லாம பிள்ளை பெத்ததுமில்லாம, சாயல்லயும் யாருக்கும் பங்கு கொடுக்கலையே! கெட்டிக்காரிதான்!”

பைக்காரி வயிறு குலுங்கச் சிரித்தாள்.

அறிக்கையில் ‘சோதனை செய்தவர்’ என்ற இடத்தில் மேடம் அவள் பெயரை எழுதிக் காட்டினார். அதில் ஓர் எழுத்தின்மேல் புள்ளி விட்டுப்போயிருந்தது.

“புள்ளி வைங்க மேடம்,” என்றாள்.

மேடம் வைத்தார். அவள் இன்னொரு முறை நிதானமாகப் படித்துவிட்டுக் கை கழுவப் போனாள்.