காற்று இறக்கப்படும்

செவ்வாய்க்கிழமை காலை எட்டே காலுக்கு நகராட்சிக்காரர்கள் என் மனைவிக்குப் பூட்டுப் போட்டுவிட்டுப் போனார்கள். இடது கணுக்காலில் போட்டிருந்தார்கள். கார்ச் சக்கரத்துக்குப் போடும் மஞ்சள் பூட்டு. அளவு பெரியது என்பதால் உள்ளே ஒரு பழைய சாக்கைச் சுருட்டி வைத்திருந்தார்கள். அந்த அக்கறை எனக்குப் பிடித்திருந்தது.

பாலாமணி எங்கள் வீட்டு வாசலில், ஒரு கார் நிற்கக்கூடிய இடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். அவளை அங்கே நிறுத்தியவன் நான்தான்.

அந்த இடம் பதினோரு மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் காலியாகியிருந்தது. காலி இடத்தை அப்படியே விட்டுவிட முடியாது. எங்கள் வீதியில் சிலர் செங்கல் வைப்பார்கள். சிலர் பிளாஸ்டிக் நாற்காலி போடுவார்கள். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரிதான். எங்கள் நாற்காலிக்குக் கால் உடைந்திருந்தது. "சித்தெ நில்லு, பொடக்காலியில போயி செங்கல் எடுத்துட்டு வந்தர்றேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டு வீட்டின் பின்புறம் போனேன். எங்களிடம் கார் கிடையாது. அது வேறு விஷயம்.

நல்ல செங்கல்லாகத் தேடியதில் பதினோரு நிமிடம் ஆகிவிட்டது. பத்து நிமிடத்துக்கு மேல் வீதியில் அசையாமல் இருப்பது எதுவானாலும் அது நிறுத்தப்பட்ட வாகனம். துணைவிதி நாற்பத்தொன்று. எனக்கு மனப்பாடம்.

அவள் மணிக்கட்டில் ஒரு சீட்டைக் கட்டியிருந்தார்கள். வாகன வகை: இதர. நிறம்: மாநிறம். மாலை ஐந்து மணிக்குள் விடுவிக்காவிட்டால் காற்று இறக்கப்படும்.

"வலிக்குதா?" என்றேன்.

"இல்லீங்க. அடுப்புல பருப்பு கெடக்குது. அணைச்சுட்டு வாங்க."

உள்ளே போய் அடுப்பை அணைத்தேன்.  காற்று இறக்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு வெள்ளியங்கிரிக்கு இறக்க வைத்ததே நான்தான்.

அவருடைய கார்தான் எங்கள் கேட்டை மறித்து பதினோரு மாதம் நின்றது. பதினேழு மனு கொடுத்தேன். கார் மேல் தவறில்லை, நிறுத்திய இடத்தில்தானே அது நிற்கும் என்று நகராட்சி முடிவு செய்தது. முந்தின வெள்ளிக்கிழமை ஜீப்பில் வந்து அவருக்கு இறக்கினார்கள். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தொப்புள் பக்கம் எதையோ திருகினார்கள். புஸ்ஸென்ற சத்தம் ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. புகார் தீர்ந்தது என்று எனக்குக் கடிதம் வந்தது. அதைக் கோப்பில் வைத்தேன். அன்று காலை அவர் மகள் காரை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நான் கிளம்பியபோது வெள்ளியங்கிரி மதிலுக்கு அந்தப் பக்கம் துணிக்கொடியில் தொங்கிக்கொண்டிருந்தார். தோளுக்கு ஒன்றாக இரண்டு கிளிப். அவர் மனைவி மயிலாத்தாள் காலையில் மாட்டுவார், சாயங்காலம் மடித்து எடுத்துப் போவார்.

"கெளம்பிட்டீங்களா?" என்றார் வெள்ளியங்கிரி. குரல் மெல்லியதாக இருந்தது.

"நகராட்சிக்குங்க. உங்களுக்கு வலி ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"ஒண்ணுமில்லீங்க. காத்தடிச்சா ஆடறேன். அடிக்காட்டி சும்மா இருக்கறேன்." சற்று யோசித்தார். "மழைன்னாத்தான் பயமுங்க."

நகராட்சியில் நாற்பத்தொன்றாம் அறை வாசலிலிருந்து இருபது அடி. கார் மனுவுக்கே பதினேழு முறை நடந்திருக்கிறேன். அன்று நடக்க நடக்க நடைபாதை நீண்டது. இரண்டு பக்கமும் பெஞ்சுகளில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் கால்களை ஆட்டிக்கொண்டே இருந்தார்கள். தூங்குகிறவர்கள்கூட ஆட்டினார்கள். பத்து நிமிடக் கணக்கு அவர்களுக்கும் தெரிந்திருந்தது. நான் அறையை அடைந்தபோது மணி இரண்டு.

கண்காணிப்பாளர் ஒரு பெண்மணி. மிகவும் மரியாதையானவர்.

"வாங்கண்ணா. பதினெட்டாவது மனுங்களா?"

"இல்லீங்க. ஒரு பூட்டை எடுக்கோணும். அது என்ற சம்சாரமுங்க."

"சம்சாரம்னு ஒரு வகை பாரத்துல இல்லீங்களே."

"யாருங்க புகார் குடுத்தது?"

அவர் பதிவேட்டைப் புரட்டினார். "நீங்கதானுங்க." என் பதினேழாவது மனுவை எடுத்துப் படித்தார். "என் வாசலை மறித்து எது நின்றாலும், அது யாருடையதாக இருந்தாலும், தயவு தாட்சண்யம் பாராமல் நடவடிக்கை எடுக்கவும்." காகிதத்தை மேஜையில் வைத்தார். "அருமையா எழுதியிருக்கறீங்க. ஆபீஸ்ல எல்லாரும் படிச்சோம்."

ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பாலாமணி வெயிலில் நிற்கும் நேரத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

"வாபஸ் வாங்கிக்கறேனுங்க."

"எழுதுனது எழுதுனதுதானுங்க."

"எறக்குன காத்தை மறுக்கா அடிக்க முடியாதுங்களா?"

அவர் முதல் முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். "அதுக்கு இன்னும் விதி வரலீங்க."

 அவர் ஒரு படிவத்தை நீட்டினார். இடையூறு மாற்றப் படிவம்.

"இடையூறே இல்லைன்னு எழுத முடியாதுங்க. இருக்கறது எங்கயாச்சும் இருந்துதானே ஆகோணும். வேற ஆள் மேல மாத்திக்கலாம். அக்கம்பக்கத்துல ரெண்டு பேரு கையெழுத்து வேணும்."

"வேற ஆளுன்னா?"

"உங்க வீதியில யாரா இருந்தாலும் சரிங்க. உங்களுக்குத் தெரியாத பேரா. அண்ணா, காலைக் கொஞ்சம் ஆட்டுங்க. வந்து ஒம்போது நிமிசமாச்சு."

காலை ஆட்டினேன். கதவைத் திறந்தால் நேராக எங்கள் வீதி. உள்ளே ஒன்பது நிமிடம்தான், வெளியே மணி நாலே கால்.

எங்கள் வீதியில் நான் மனுக் கொடுக்காத வீடு கிடையாது. மிக்சி சத்தத்துக்குக் கொடுத்திருக்கிறேன். முருங்கை இலை உதிர்வதற்குக் கொடுத்திருக்கிறேன். கதவைச் சாத்திவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு எதிர்வீட்டுக் குப்புராஜிடம் போனேன். அவருடைய நாய் குரைக்கிறது என்று ஜனவரியில் எழுதியிருந்தேன். அந்த நாயை இப்போது வாசற்படியில் விரித்திருந்தார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, அதை மிதிக்காமல் ஓரமாக நின்றேன். அது என்னைப் பார்த்து வாலை அசைக்க முயன்றது.

"பாலாமணியக்கா யாருக்குங்க இடையூறு? குடுங்க" என்றார் குப்புராஜ். படிக்காமலே கையெழுத்துப் போட்டார். பிறகுதான் பார்த்தார். "பேரு எழுதலீங்களா?"

"எழுதோணும்."

"எழுதுங்க. உங்களுக்கு வராததுங்களா."

இரண்டாவது கையெழுத்து மயிலாத்தாள் போட்டார். காகிதத்தை மதில்மேல் வைத்துக்கொண்டார். பேனாவை அழுத்திப் பிடித்து, எழுத்தெழுத்தாகப் போட்டார். பக்கத்தில் வெள்ளியங்கிரி லேசாக ஆடிக்கொண்டிருந்தார். "வெரசாப் போங்க, மணியாவுது" என்றார் மயிலாத்தாள். அவருடைய கிரைண்டர் மேல் நான் இரண்டு முறை எழுதியிருக்கிறேன்.

வாசலுக்கு வந்தபோது ஐந்தாகப் பத்து நிமிடம் இருந்தது. யாரோ பாலாமணிக்கு ஒரு குடை கொடுத்திருந்தார்கள். காலடியில் மோர் குடித்த டம்ளர் இருந்தது. அவள் முகம் வெயிலில் கறுத்திருந்தது. கேட்டில் காகிதத்தை வைத்து எழுதத் தொடங்கினேன். யோசிக்கவில்லை. கை பழக்கத்தில் எழுதிவிட்டது. மயிலாத்தாள் என்று எழுதியிருந்தது.

பாலாமணி எட்டிப் பார்த்தாள். கோபப்படவில்லை.

"வெள்ளியங்கிரியண்ணனை மடிச்சு வெக்க அவங்க ஒருத்தருதானுங்க இருக்கறாங்க" என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. பயத்தில் வந்த அழுகைதான், வேறு பெருமை எதுவும் இல்லை. மயிலாத்தாள் பேரைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். குப்புராஜ் என்று எழுதலாமா என்று பார்த்தேன். நாயின் ஞாபகம் வந்தது. ஆறுச்சாமி என்று எழுதினேன். என் பேர்தான். எல்லா மனுவிலும் அடியில் எழுதிய பேர். மேலே எழுதியது அன்றுதான்.

பூட்டு தானாகத் திறந்தது. பிறகு என் காலில் இருந்தது. சாக்கு தேவைப்படவில்லை. எனக்கு அளவெடுத்துச் செய்தது மாதிரி இருந்தது.

பாலாமணி குனிந்து கணுக்காலைத் தேய்த்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். உள்ளே போனாள். பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது. அவளைக் கூப்பிட நினைத்தேன். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

ஜீப் வீதி முனையில் திரும்பியது. வீட்டுக்கு வீடு ஆட்கள் கேட்டுக்கு வந்தார்கள்.  எல்லோரும் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றார்கள். நானும் காலை ஆட்டிப் பார்த்தேன். பூட்டு விடவில்லை.

இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் கையில் சின்னத் திருகி. அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"வணக்கமுங்க. சட்டையைக் கொஞ்சம் தூக்கிக்கறீங்களா?"

பாலாமணி திரும்பி வந்தாள். கையில் இரண்டு கிளிப் வைத்திருந்தாள். என் தோளைத் தொட்டு, எங்கே போட்டால் வலிக்காது என்று விரலால் அழுத்திப் பார்த்தாள். 

"நம்ம கொடியில வெயிலே படாதுங்க" என்றாள். "மயிலாத்தக்கா அங்க எடம் இருக்குதுன்னு சொன்னாங்க."

மதிலுக்கு மேலே பார்த்தேன். வெள்ளியங்கிரியைக் கொடியின் ஓரத்துக்கு நகர்த்தியிருந்தார்கள். பக்கத்தில் எனக்கு ஒரு துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார்கள்.