வேட்பாளர் வரும் நாளில் தண்ணீர்

எங்கள் வாய்க்காலில் தண்ணீர் வரவேண்டுமென்றால் முதலில் தேர்தல் வரவேண்டும். இதைக் கோபத்தில் சொல்லவில்லை. கோபம் எனக்கு எப்போதும் இருக்கிறது, அது வேறு விசயம். நடந்ததைத்தான் சொல்கிறேன்.

என் பெயர் ராஜினி. தர்மபுரத்துக்கு உள்ளே, குளத்திலிருந்து பிரிந்துவரும் வாய்க்காலின் கடைசியில் என் வயல் இருக்கிறது. வாய்க்காலின் மேற்பக்கத்தில், அந்தக் காலத்தில் அரசாங்கம் காணி கொடுத்துக் குடியேற்றிய யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள். கீழ்ப்பக்கத்தில் நாங்கள். தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்தில் அடிவாங்கி ஓடிவந்தவர்களின் பிள்ளைகள். காட்டை வெட்டி வயலாக்கினோம். கந்தோர் கந்தோராக அலைந்து காணிக்குப் பெர்மிட்டும் எடுத்தோம். தண்ணீரைத்தான் எடுக்க முடியவில்லை.

முறை என்று ஒன்று இருக்கிறது. மழையில்லாத சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் காணாது. அதனால் செவ்வாயும் புதனும் கீழ்ப்பக்கத்துக்கு, மற்ற நாட்கள் மேற்பக்கத்துக்கு. விதைப்புக்கு முந்திய கூட்டத்தில் எல்லோரும் கைதூக்கி ஒத்துக்கொண்ட ஏற்பாடு இது. ஆனால் செவ்வாய் விடிந்தால், மேற்பக்கத்து வயல்களுக்குத் தண்ணீர் பாயும் வாய்கள் எல்லாம் 'ஆ' என்று திறந்தபடி கிடக்கும். அடைக்க மறந்துபோச்சாம். விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக்குத் தலைவர், மேற்பக்கத்து அப்புத்துரை அண்ணையிடம் போய் நின்றால், "பிள்ளை, வாய்க்கால் பத்தை பிடிச்சுப்போய்க் கிடக்கு. தண்ணி இறங்காட்டி நாங்கள் என்ன செய்யிறது?" என்பார். பத்தை பிடித்து, புதர் மண்டியிருப்பது அவருடைய வயலுக்குக் கீழேதான் என்பதை மட்டும் சொல்லமாட்டார்.

போன சிறுபோகம் எனக்கு முழுதாகக் கருகிப்போனது. என் மனுசன் சதீஸ் வவுனியாவில் ஒரு கடையில் நிற்கிறார். "இந்தமுறையும் எரிஞ்சால் வயலை விட்டிட்டு இஞ்ச வா. ஒரு அறை எடுத்து இருப்பம்" என்று போனில் சொல்லிவிட்டார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் வயலை விட்டுவிட்டு வவுனியாவில் ஒரு அறைக்குள் இருந்து நான் என்னத்தைச் செய்ய? என்னால் ஏலாது. இந்தப் போகம் விளைந்தே ஆகவேண்டும், அவ்வளவுதான்.

அந்த நேரத்தில்தான் மாகாணசபைத் தேர்தல் வந்தது.

சந்தைக்குப் போனால் ஒலிபெருக்கி, கடைக்குப் போனால் துண்டுப்பிரசுரம். அதிகாரப் பகிர்வு, காணி விடுவிப்பு, காணாமல் ஆக்கப்பட்டோருக்கு நீதி, வேலைவாய்ப்பு, போதைப்பொருள் ஒழிப்பு. ஒன்றையும் நான் வேண்டாமென்று சொல்லமாட்டேன். என் அண்ணனின் படத்தைப் பிடித்துக்கொண்டு கிளிநொச்சி வீதியில் வெயிலுக்குள் நின்றவள் நான். அந்த நீதி எனக்கும் வேண்டும். ஆனால் ஒரு பிரசுரத்திலாவது வாய்க்காலின் கடைசியில் இருப்பவளைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

தர்மபுரம் சந்தையில் ஜனார்த்தனன் என்ற வேட்பாளர் மரக்கறிக் கடை கடையாகக் கும்பிட்டுக்கொண்டு வந்தார். சட்டத்தரணி. என்னையும் கும்பிட்டார். நான் அவருடைய கையை விடவில்லை.

"தம்பி, எங்கட வாய்க்காலை ஒருக்கா வந்து பாருங்கோ. சொட்டுத் தண்ணியில்லை. காய்ஞ்ச வாய்க்காலுக்குள்ள நிண்டு ஒரு படம் எடுத்தியள் எண்டால் உங்களுக்கும் நல்லது."

படம் என்றதும் அவரோடு வந்த பெடியன்கள் தலையாட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார்.

இந்தச் செய்தி மேற்பக்கம் போய்ச் சேர்ந்தது. இனித்தான் கூத்து.

எங்கள் ஊருக்கு ஒரு குணம் உண்டு. வீட்டுக்குள் எப்படியும் இருக்கலாம், வெளியாள் வரும்போது மானம் போகக்கூடாது. அப்புத்துரை அண்ணையின் மனுசி நாகேஸ்வரி அக்காவுக்கு இந்தக் குணம் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூட. "சட்டத்தரணி வந்து பார்க்கேக்க எங்கட வாய்க்கால் பத்தையும் பறுகுமாக் கிடக்கிறதோ? பேஸ்புக்கில போட்டால் கனடாவில இருக்கிற என்ர பிள்ளையளும் எல்லோ பார்க்குங்கள்!" என்று அவா சத்தம் போட்டதில் மேற்பக்கம் முழுக்க வாய்க்காலுக்குள் இறங்கியது. வெள்ளியும் சனியும் பத்தை வெட்டினார்கள். கரையைச் செதுக்கினார்கள். தண்ணீர் நிறைந்து ஓடினால்தான் வடிவாக இருக்கும் என்று தங்கள் வயல் வாய்கள் எல்லாவற்றையும் மண்போட்டு அடைத்தார்கள்.

ஞாயிறு காலை ஜனார்த்தனன் தம்பி வந்து இறங்கியபோது என் வயலடியில் முழங்காலளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் வாய்க்காலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அக்கா, தண்ணி நல்லா வருகுதே?"

நான் வாய் திறக்கும் முன், பக்கத்தில் வெள்ளை வேட்டியோடு நின்ற அப்புத்துரை அண்ணை, "எங்கட வாய்க்கால் எப்பவும் இப்பிடித்தான் தம்பி" என்று முகம் மாறாமல் சொன்னார். வறட்சி பற்றித் தயாரித்து வந்த பேச்சை அந்தப் பாவம் பிடித்தவர் அப்படியே விழுங்கிவிட்டு, ஓடுகிற தண்ணீருக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார். பின்னேரம் அது பேஸ்புக்கில் வந்தது. நீர்வளம் கொழிக்கும் கிராமமாம். மானம் கெட்டது எனக்குத்தான்.

ஆத்திரத்தோடு வயலுக்குப் போனேன். போன இடத்தில் ஆத்திரம் நிற்கவில்லை. வெடித்துக் கிடந்த நிலம் மூடி, பயிரின் அடி முழுக்கத் தண்ணீர் நின்றது. அடுத்த காணிக்காரர் மூக்கன் மாமா தன் வரம்பில் குந்தியிருந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா இளிக்கிறியள்?"

"நீ கேட்டது நியாயம். அது கிடைக்கேல்லை. தண்ணி கிடைச்சிருக்கு. இன்னும் எத்தினை பேர் தேர்தலில நிக்கினம் எண்டு விசாரிச்சனியோ?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம்.

எங்கள் மாவட்டத்தில் வேட்பாளர்களுக்கா பஞ்சம்? கட்சிகள் ஒரு பக்கம், சுயேச்சைக் குழுக்கள் இன்னொரு பக்கம். வீட்டில் சொல்லாமல் தேர்தலில் நின்றவரும் அதில் இருந்தார். கிழமைக்கு ஒருவராகக் கூப்பிட்டேன். பயிர் வாடத் தொடங்கினால் போனை எடுப்பேன். "ஐயா, எங்கட ஊர்ப் பக்கம் உங்களைக் காணேல்லை எண்டு சனம் கதைக்குது" என்று ஒரு சொல் போதும், அடுத்த நாளே வாகனம் வந்து நிற்கும். யார் வந்தாலும் நாகேஸ்வரி அக்காவுக்கு விருந்தாளிதான். மேற்பக்கத்து வாய்கள் அடைபடும். வாய்க்கால் நிறையும். வந்தவர் பேசுவார், கைதட்டுவோம். மின்விசிறிச் சின்னத்தில் நின்ற ஒரு தம்பி நல்ல நீளமாகப் பேசினார். அவருக்கு நான் மனதார நன்றி சொன்னேன், ஏனென்றால் அவர் பேசி முடிக்கிறதுக்குள் மூக்கன் மாமாவின் வயலும் நிரம்பிவிட்டது.

ஒருத்தியை மட்டும் ஏமாற்ற முடியவில்லை. ஜெயரூபி என்று ஒரு பள்ளிக்கூட ரீச்சர், சுயேச்சையாக நின்றவ. வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு வாய்க்காலுக்குள் இறங்கினா. கரையில் தண்ணீர் ஏறி நின்ற தடத்தைத் தேடிப் பார்த்தா. ஈரம் புதிது, வழக்கமாக ஓடுகிற தண்ணீர் விட்டுப்போகும் பழைய தடம் இல்லை.

"இந்தத் தண்ணி எந்தெந்த நாளில வாறது?" என்று என்னிடம் கேட்டா.

அப்புத்துரை அண்ணை பக்கத்தில்தான் நின்றார். "நீங்கள் வாற நாளில வரும் ரீச்சர்" என்றேன்.

அவாவுக்கு விளங்கிவிட்டது. தலையாட்டினா. அடுத்த கிழமை நான் கூப்பிடாமலே இரண்டாம் தரமும் வந்தா. பேச்சுமில்லை, படமுமில்லை. மூக்கன் மாமா வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனா. என் வோட்டு அவாவுக்குத்தான். தோற்றுப்போனா. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

தேர்தல் முடிந்தது. சுவரொட்டிகளை ஆடு தின்றது. வென்றவர்கள் வெடி கொளுத்தினார்கள். மேற்பக்கத்து வாய்கள் எல்லாம் பழையபடி திறந்துகொண்டன.

என் பயிர் அப்போது குடலைப் பருவத்தில் நின்றது. கதிர் உள்ளே இருக்கிறது, இன்னும் வெளியே தள்ளவில்லை. இந்த நேரத்தில் தண்ணீர் இல்லையென்றால் வருவது எல்லாம் உள்ளே அரிசியில்லாத சப்பிதான். இவ்வளவு நாள் பாடுபட்டுக் காப்பாற்றியது, கடைசியில் வைக்கோலாகப் போகும். அந்தச் செவ்வாயும் புதனும் ஒரு சொட்டு வரவில்லை. சதீஸ் போன் எடுத்து, "அறை ஒண்டு பார்த்து வைக்கட்டோ?" என்று மெல்லக் கேட்டார். பார்க்கவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். 

மூக்கன் மாமா ஒரு யோசனை சொன்னார். "வெண்டவர் நன்றி சொல்ல வாறார் எண்டு ஒரு கதையை விடுவம். அடைப்பினம்."

"வேண்டாம் மாமா. பொய் சொல்லி எடுத்தால் களவெடுத்த மாதிரி. அதோட எங்கட தண்ணிக்கு நாங்கள் ஏன் களவெடுக்க?"

"அப்ப ஆரைக் கூப்பிடப் போறாய்?"

"ஒருத்தரையும் கூப்பிடேல்லை. நான் போறன்."

அடுத்த திங்கள் காலையில், கலியாணவீட்டுக்குக் கட்டுகிற நீலச் சேலையைக் கட்டினேன். கீழ்ப்பக்கத்துப் பெண்கள் எல்லோரையும் வெளிக்கிடச் சொன்னேன். எல்லோரும் நல்ல உடுப்போடு வந்தார்கள். மூக்கன் மாமா எங்கிருந்தோ ஒரு சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் வந்தார். வாய்க்கால் கரையால் நடந்து, மேற்பக்கத்து வீட்டு வாசல்களில் படலை படலையாக நின்று, வேட்பாளர்கள் செய்தமாதிரியே கைகூப்பிக் கும்பிட்டேன். முதலில் சனம் சிரித்தது. பிறகு என்ன நடக்கிறது என்று பார்க்க எங்களுக்குப் பின்னால் வந்தது. அப்புத்துரை அண்ணை வீட்டுப் படலைக்குப் போய்ச் சேர்ந்தபோது அது ஒரு ஊர்வலம்.

நாகேஸ்வரி அக்கா குசினிக்குள்ளிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தா. "என்னடி ராஜினி, ஆரின்ர கலியாணம்?"

"கலியாணமில்லை அக்கா. உங்கட வாய்க்காலைப் பார்க்க வந்தனான்."

அப்புத்துரை அண்ணை கதிரையை விட்டு எழும்பி வந்தார். முகத்தில் ஒரு நக்கல். "வோட்டுக் கேக்கிறியோ பிள்ளை? தேர்தல் முடிஞ்செல்லோ போச்சு."

"ஓம் அண்ணை, முடிஞ்சுது. அதுதான் நான் வந்தனான்."

பிறகு எனக்குக் குரல் தானாக உயர்ந்தது. உயரட்டும் என்று விட்டேன்.

"வோட்டுக் கேட்டு வந்த ஒவ்வொருத்தருக்கும் பத்தை வெட்டினியள். வாயை அடைச்சியள். வாய்க்காலை நிரப்பிக் காட்டினியள். அவை படம் எடுத்துக்கொண்டு போட்டினம். திரும்பி ஒருத்தரும் வரேல்லை. நாங்கள் ஒரு இடமும் போகேல்லை அண்ணை. உங்கட அம்மா செத்தபோது பந்தல் போட்டது எங்கட ஆக்கள். என்ர கலியாணத்துக்குத் தாலியைத் தொட்டுக் குடுத்தது நாகேஸ்வரி அக்கா. முன்னப்பின்ன தெரியாத ஆளுக்கு முன்னால உங்களுக்கு வெக்கம் வருகுது. எனக்கு முன்னால ஏன் வரேல்லை?"

 அப்புத்துரை அண்ணை நிலத்தைப் பார்த்தார். அவரிடம் அந்த நக்கல் இல்லை. ஒரு வயதான மனுசன் தன் முற்றத்தில் நிற்கிறது மட்டும் தெரிந்தது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, ஆனால் நான் கண்ணை எடுக்கவில்லை.

நாகேஸ்வரி அக்காதான் முதலில் பேசினா. "அவள் கேக்கிறதுக்கு மறுமொழி இருந்தால் சொல்லுங்கோவன்."

அவர் மூலையில் கிடந்த மண்வெட்டியை எடுத்தார். "சரி பிள்ளை. நட. இப்பவே என்ர வாயை அடைக்கிறன். தண்ணியைக் கொண்டு போ."

பின்னால் நின்ற பெண்கள் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. என் பயிர் இன்னும் ஒரு நாள் பொறுக்குமா என்று எனக்கே நிச்சயமில்லை. ஆனாலும் சொன்னேன்.

"இண்டைக்கு வேண்டாம் அண்ணை. இண்டைக்குத் திங்கள். இண்டைக்கு உங்கட தண்ணி. அதில எங்களுக்கு ஒரு சொட்டும் வேண்டாம். நாளைக்கு எங்கட தண்ணி. நாளைக்கு விடுங்கோ."

மூக்கன் மாமா என் முழங்கையில் இடித்தார். வந்த தண்ணீரை வேண்டாம் என்கிறாளே, இவளுக்கு விசரோ என்று நினைத்திருப்பார். அப்புத்துரை அண்ணை மட்டும் மண்வெட்டியைக் கீழே வைக்காமல் என்னைக் கனநேரம் பார்த்தார். இருபது வருசமாகப் பக்கத்தில் இருந்தும் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

மறுநாள் விடியும்போது நான் வயலில் நின்றேன். வாய்க்கால் காய்ந்துதான் கிடந்தது. பயமாக இருந்தது. சும்மா வாயைக் கொடுத்துக் கிடைக்க இருந்ததையும் கெடுத்துவிட்டேனோ என்று நினைத்தேன். வெயில் ஏறத் தொடங்கியபோது மேற்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் கேட்டது. அப்புத்துரை அண்ணையின் குரல், கரை வழியாக நடந்து நடந்து நெருங்கிக்கொண்டிருந்தது.

"ஆரின்ர வாயடா இது திறந்து கிடக்குது? அடையடா! இண்டைக்குச் செவ்வாயெல்லோ, கீழ்ப்பக்கத்து ஆக்களின்ர தண்ணியெல்லோ!"

அவருடைய குரலுக்குப் பின்னால் தண்ணீர் வந்தது. சருகுகளைத் தள்ளிக்கொண்டு, மண்நிறமாக வந்து, வாய்க்காலுக்குள் இறங்கி நின்ற என் காலில் ஏறியது. நான் வரம்பில் குந்தியிருந்து சத்தம் போட்டு அழுதேன். பிறகு எழும்பி முகத்தைக் கழுவிவிட்டு, என் வயலின் வாயைத் திறந்தேன்.