மூன்றாவது விடை

சின்னவளுக்குப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. இனிக் குணமாகாது என்றானவர்களைக் கடைசிவரை பார்த்துக்கொள்ளும் வார்டில் அவள் நர்ஸ். அந்த வேலையில் உயர்நிலைச் சான்றிதழ் வாங்குவதற்கான பரீட்சை அது. வேலையில் சேர்ந்த நாள் முதல் கையால் செய்துவருவதையே இப்போது நாலு விடையில் ஒன்றாகப் பொறுக்கிக் காட்டச் சொல்கிறார்கள். காலமெல்லாம் சமைத்தவளை உட்காரவைத்து உப்பு என்ன நிறம் என்று கேட்கிற கதைதான். கேட்டால் எழுதித் தொலைக்க வேண்டியதுதானே.

படிப்பதெல்லாம் அக்கா வீட்டு முன்னறையில். அங்கேதான் அக்கா புருஷன் படுத்திருந்தார். கல்லீரலில் தொடங்கிய புற்றுநோய் எலும்புவரை போய்விட்டது. “உடம்பு கொஞ்சம் தேறட்டும், மறுபடி மருந்து ஏத்தலாம்” என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவைத்தார் டாக்டர். எந்த உடம்பு, எப்போது தேறும் என்று அவரும் சொல்லவில்லை. கேட்க அக்காவுக்கும் தோன்றவில்லை.

டியூட்டி முடிந்ததும் சின்னவள் நேராக இங்கே வந்துவிடுவாள். மாமாவை ஒருக்களித்துப் படுக்கவைப்பாள். ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைப்பாள். வலி மருந்தை நாக்குக்கு அடியில் விடுவாள். கை பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். நர்ஸ் படிப்பே கூடாது என்று வீடே ஒற்றைக்காலில் நின்றபோது அவளுக்காகச் சண்டை போட்ட மனிதர் இவர் ஒருவர்தான். இப்படிக் கிடக்கிறாரே என்று வேண்டுமென்றே நினைத்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. மனசு மரத்துப்போயிருந்தது. சரி, வராவிட்டால் போகட்டும் என்று தலையணையை நேராக்கினாள்.

பெரியவள் வேறு ரகம். ஓட்டுநர் பள்ளியில் லைசென்ஸ் பரீட்சைக்கு ஆள் தயார்பண்ணுவது அவள் பிழைப்பு. கேள்வி கேட்பது என்றால் பசி தூக்கம் வேண்டாம் அவளுக்கு. அன்று மாலை தங்கை கையிலிருந்த புத்தகத்தை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

“கொண்டா இங்க. நீயே கேட்டு நீயே பதில் சொல்லிக்கிட்டா அதுக்குப் பேரு படிப்பா?”

“அக்கா, இது சிவப்பு விளக்கு, பச்சை விளக்கு இல்ல.”

“எல்லாப் பரீட்சையும் ஒண்ணுதான்டி. தெரியலைன்னா இருக்கிறதுலயே நீளமான பதிலைக் குறிச்சிட்டு வந்துடு. என் ஆளுங்க பாதிப் பேரு அப்படித்தான் பாஸ் பண்ணி இன்னைக்கு ரோட்டுல ஓட்டிக்கிட்டு இருக்காங்க.”

கட்டிலில் மாமாவின் உதட்டோரம் லேசாக இழுபட்டது. “பாத்தியா, சிரிக்கிறார்” என்றாள் பெரியவள். அது சிரிப்பு இல்லை என்று சின்னவளுக்குத் தெரியும். சொல்லவில்லை.

சொல்லாதது அது ஒன்று மட்டும் என்றால் பரவாயில்லை. போன வாரம் அடுப்படியில் வைத்து அக்கா நேருக்கு நேராகக் கேட்டாள், “தேறிடுவாராடி?” என்று. வார்டில் எத்தனையோ மனைவிமார் கேட்ட கேள்விதான். ஒருத்தியிடமும் சின்னவள் பொய் சொன்னதில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் மட்டும் நாக்கு புரண்டுவிட்டது. “கவலைப்படாதேக்கா, தேறிடுவார்” என்றாள். அதோடு விட்டாளா? கப்பலில் வேலை பார்க்கும் அக்கா மகன், லீவு போட்டுவிட்டு வரட்டுமா என்று கேட்டதற்கு, “அவசரமில்லை, கப்பல் திரும்பினதும் வரட்டும்” என்றும் சொல்லிவைத்தாள். கப்பல் திரும்புகிறவரை மாமா இருக்க மாட்டார் என்பது அவளுக்கு அப்போதே தெரியும்.

பெரியவள் கேள்விகளை ஆரம்பித்தாள். புத்தக நடையெல்லாம் அவளுக்கு ஆகாது. தன் வாய்க்கு வந்தபடி பிரித்துப் போட்டுத்தான் கேட்பாள். மாத்திரையிலிருந்து ஊசிக்கு மாற்றினால் அளவு எவ்வளவு, தொண்டையில் கரகரப்பு வந்தால் எப்படிப் படுக்கவைக்கணும். சின்னவள் ஊசிக்குழலில் மாமாவுக்கான மருந்தை அளந்து எடுத்தபடியே, திரும்பிக்கூடப் பார்க்காமல், “ஒண்ணு”, “நாலு” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

“புருஷன் படுத்துக்கிடக்கார். பொண்டாட்டி நர்ஸைக் கேக்கிறா, ‘இவர் தேறிடுவாரா?’ன்னு. நர்ஸ் என்ன சொல்லணும்? ஒண்ணு, ‘டாக்டரைக் கேளுங்க.’ ரெண்டு, ‘கவலைப்படாதீங்க, தேறிடுவார்.’ மூணு, ‘அவர் இறந்துக்கிட்டு இருக்கார். உங்க பக்கத்துல நான் இருக்கேன். யார் யார் வரணுமோ, கூப்பிடுங்க.’ நாலு…”

“மூணு” என்றாள் சின்னவள்.

மருந்தை நாக்கடியில் விட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் தான் சொன்னது என்ன என்பது உறைத்தது. பெரியவள் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் புரட்டி, விரலை வைத்து விடையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரிதான். மூணுதான் போட்டிருக்கு.”

புத்தகத்தை மூடினாள். எழுந்து அடுப்படிக்குப் போனாள். சின்னவள் பின்னாலேயே போனாள்.

“அப்ப எனக்கு மட்டும் ஏன்டி ரெண்டாவதைச் சொன்னே?”

இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது சின்னவளுக்குத் தலைகீழ்ப் பாடம். உட்கார், கண்ணைப் பார், வளவளக்காதே. கால்தான் நகரவில்லை. இத்தனை நாள் செத்துக்கிடந்த மனசுக்குள் பயம் மட்டும் உயிரோடு இருந்தது.

“அக்கா…”

“இழுக்காதே. தங்கச்சியா இருந்தது போதும். கொஞ்ச நேரம் நர்ஸா இரு. தேறுவாரா?”

“தேற மாட்டார்.”

“அப்புறம்?”

“செத்துடுவார்க்கா. வாரக் கணக்கு இல்ல. நாள் கணக்குதான்.”

பெரியவள் சிங்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கத்துவாள், ஓங்கி ஓர் அறை விடுவாள் என்று சின்னவள் எதிர்பார்த்தாள். விட்டால் தேவலை என்றுகூட இருந்தது. பெரியவள் முகத்தைக் கழுவினாள். துடைத்துக்கொள்ளாமலே போனை எடுத்து மகனைக் கூப்பிட்டாள். ஈரக் கையில் வழுக்கியதால் போனை ஸ்பீக்கரில் போட்டு மேடைமேல் வைத்தாள்.

“அடுத்த துறைமுகத்துல இறங்கிடு. கிளம்பி வாடா.”

“என்னம்மா திடீர்னு? அவசரமில்லைன்னு சித்தி சொன்னாங்களே?”

பெரியவள் தங்கையைப் பார்த்தாள். நன்றாக, முழுசாகப் பார்த்தாள். சின்னவள் வாயைத் திறந்தாள். நான்தான் பொய் சொன்னேன் என்று சொல்லிவிடத்தான் திறந்தாள். பெரியவள் ஈரக் கையால் அந்த வாயைப் பொத்தினாள்.

“சித்திக்கு அப்பத் தெரியாதுடா” என்றாள். “இப்பத்தானே படிக்கிறா.”