உப்புக் காகம்

உப்புத் தண்ணீர்ப் பீப்பாய்க்குள் ஏதோ தொப்பென்று விழுந்த சத்தம் கேட்டு றம்ஸியா குசினியிலிருந்து ஓடி வந்தாள். எட்டிப் பார்த்தால், ஒரு காகக் குஞ்சு. மீன் ஊறப்போடும் தண்ணீரில் ஒற்றைச் செட்டையை அடித்து அடித்து வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

வாளியால் அள்ளி மணலில் ஊற்றினாள். குஞ்சு இடது செட்டையை இழுத்துக்கொண்டு பீப்பாயின் நிழலில் ஒண்டியது. அதே நேரம் தென்னையிலிருந்து இரண்டு காகங்கள் கத்திக்கொண்டு இறங்கின. அதில் ஒன்று றம்ஸியாவின் உச்சந்தலையில் ஒரு கொத்துக் கொத்திவிட்டுப் போனது.

"என்னகா அங்க சத்தம்?" என்று கேட்டுக்கொண்டு பக்கத்து வீட்டிலிருந்து நஜ்லா வந்தாள். றம்ஸியாவின் ராத்தா அவள். உம்மா ஒரே வளவைப் பிரித்து மகள்மார் இருவருக்கும் வீடு கட்டிக் கொடுத்திருந்தார். கருவாடு போடுவது இருவருக்கும் கூட்டுத் தொழில்.

"காகக் குஞ்சு ராத்தா. பீப்பாய்க்குள்ள விழுந்திட்டு."

"உசிரோட இரிக்கா?"

"ஓம்."

நஜ்லாவின் முகம் கொஞ்சம் வாடியது. "பரவால்ல. பொழுதுபடக்குள்ள செத்திரும்."

அவள் வாட்டத்துக்குக் காரணம் இருந்தது. கம்புகளின் மேல் வலை கட்டி மீன் காயப்போட்டிருக்கும் பந்தலில், செத்த காகம் ஒன்றைக் காலில் கட்டித் தொங்கவிட்டால் மற்றக் காகங்கள் கிட்ட வராது. முன்பு தொங்கியது வெயிலில் உலர்ந்து, இறகு இறகாகக் காற்றில் போய்விட்டது. அதிலிருந்து பந்தலில் பாதி காகத்துக்கு, மீதி வீட்டுக்கு என்றாகியிருந்தது. செத்த காகம் கண்டால் சொல்லும்படி நஜ்லா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

"பாவம் ராத்தா. செட்டையிலதான் அடிபட்டிரிக்கி. வெச்சிப் பாப்பமே."

"காகத்த வளத்து ஆளாக்கி, நம்மட கருவாட்டையே அதுக்குத் தீனியாப் போடப் போறியா?" நஜ்லா சிரித்தாள். "சரி. வெள்ளிக்கிழமை நளீம் மீனோட வருவான். அதுவரைக்கும் வெச்சிக்க. பறந்தா அதுட பாடு. பறக்காட்டி எனக்குத் தா."

றம்ஸியாவின் கணவன் நளீம் ஒலுவில் துறைமுகத்திலிருந்து படகில் கடலுக்குப் போயிருந்தான். வெள்ளிக்கு நாள் அதிகமில்லை.

றம்ஸியா குஞ்சைப் பழைய துணியில் பொத்திப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். உடம்பெல்லாம் உப்புப் பூத்திருந்தது. கறுத்த செட்டையிலும் முதுகிலும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். கருவாட்டில் பூக்கும் உப்பை அவளுக்குத் தெரியாதா? நல்ல தண்ணீரைக் கோப்பையில் எடுத்து மெல்ல மெல்லக் கழுவினாள். புள்ளி போகவில்லை. மறுநாளும் கழுவினாள். அப்போதும் போகவில்லை.

"தோலுக்குள்ள இறங்கிட்டு போல," என்றாள் கவலையோடு.

"அதுவே பாதி கருவாடாப் போச்சி," என்றாள் நஜ்லா. "எனக்கு வேலை குறைவு."

மூடி போட்ட பிரம்புக் கூடைக்குள் அதை விட்டு, மீன்குடலை வைத்தாள், தொடவில்லை. சோற்றை வைத்தாள், அரைமனதோடு விழுங்கியது. காலைச் சாப்பாட்டுக்கு வெட்டிய பப்பாசித் துண்டை நீட்டியதும் சிவந்த வாயை அகலத் திறந்து விரலோடு சேர்த்துக் கவ்வியது. காகத்துக்கு இப்படியொரு நாக்கா என்று றம்ஸியாவுக்கு ஆச்சரியம். ஆனாலும் தினமும் பழத்தில் பாதியை அதற்கு ஒதுக்கினாள்.

தாய்க் காகமும் தகப்பன் காகமும் வளவை விட்டு அசையவில்லை. கூடையின் கண்வழியே தாங்களும் ஏதேதோ ஊட்டிவிட்டன. றம்ஸியா முற்றத்தில் கால் வைத்தால் தலைக்கு மேலே பாய்ந்தன. அவள் நளீமின் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு உடுப்புக் காயப்போட்டாள். ஹெல்மெட்டோடு முற்றம் கூட்டினாள். தெருவால் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

"லைசன் எடுத்திட்டாளா உன்ட தங்கச்சி?" என்று யாரோ கேட்டதாக நஜ்லா வந்து சொன்னாள்.

வியாழக்கிழமை குஞ்சு கூடைக்குள் செட்டையை விரித்தது. இடதும் விரிந்தது, முழுதாக அல்ல. றம்ஸியா வெளியே விட்டுப் பார்த்தாள். ஒரு முழ உயரம் எழும்பி, சரிந்து, மணலில் மூக்குக் குத்தி விழுந்தது. காகங்கள் இரண்டும் ஊரைக் கூட்டின. அவள் அதைத் தூக்கிக் கூடைக்குள் வைத்தாள். அன்று பின்னேரம் பப்பாசித் துண்டை வழமையைவிடப் பெரிதாக வெட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை நளீம் ஓட்டோ நிறையக் கீரி மீனோடு வந்து இறங்கினான். மீனைக் கழுவி, உப்பிட்டு, மறுநாள் பந்தலில் பரப்பும்போது வெயில் நன்றாக ஏறிவிட்டது. பரப்பி முடியவில்லை, காகங்கள் வந்துவிட்டன. பந்தலுக்குப் பக்கத்தில்தான் குஞ்சின் கூடை. பெற்றதுகள் போடும் கூச்சலுக்குத் தெருக் காகமெல்லாம் சேர்ந்து, வந்த இடத்தில் மீனையும் கண்டுகொண்டன.

நஜ்லா ஒரு துண்டுக் கயிற்றோடு வந்தாள். "றம்ஸியா, நேத்தே நாள் முடிஞ்சி. இனி என்னால ஏலா. கூடையத் தா."

றம்ஸியா கூடையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஹெல்மெட் கண்ணை மறைத்தது. கொடுக்க மனமில்லாமல் வளவின் மறுகோடியில் இருந்த மாமரத்தடி வரைக்கும் நடந்துவிட்டாள். காகங்களும் கத்திக்கொண்டு அவள் தலைக்கு மேலேயே போயின. பெற்றதுகள் முன்னால், தெருக் காகமெல்லாம் பின்னால்.

மரத்தடியில் நின்று திரும்பிப் பார்த்தாள். பந்தலில் ஒரு காகம்கூட இல்லை. நஜ்லாவும் பந்தலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ராத்தா," என்றாள் றம்ஸியா. "செத்த காகத்த மீனுக்குப் பக்கத்தில தொங்க விடுறதும், உசிருள்ள காகத்தத் தூரத்தில தொங்க விடுறதும் ஒண்டுதானே?"

நஜ்லா கையிலிருந்த கயிற்றைப் பார்த்தாள். பிறகு மாமரத்தடிக்கு வந்து, தாழ்ந்த கொப்பில் கயிற்றை எறிந்து, கூடையைத் தானே இறுக்கிக் கட்டித் தொங்கவிட்டாள்.

"மீன் காயுமட்டும்தான்," என்றாள்.

மீன் காய்ந்தது. அதை வாரி எடுத்த அன்று பின்னேரம் நஜ்லாவின் குரல் வேலியோரப் பப்பாசி மரத்தடியிலிருந்து கேட்டது.

"றம்ஸியா, இஞ்ச ஓடிவா. இன்னொண்டும் உப்புக்குள்ள விழுந்திட்டு."

பழுத்த பப்பாசியை ஒரு பெரிய பறவை கொத்திக்கொண்டிருந்தது. மண்ணிறம், சிவந்த கண், நீண்ட வால், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. றம்ஸியா அதையும் கூடையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பின்னால் வந்த நளீம் சிரித்தான். "அது குயில். பொட்டைக் குயில். நீங்க ரெண்டு பேரும் குயிலயா இவ்வளவு நாளும் கழுவினீங்க?"

"நான் கழுவல்ல. இவள்தான்," என்றாள் நஜ்லா. "காகத்திர கூட்டில போய்த் திண்டு வளர்ற சாதியா இது? அப்ப நம்மட ஊரு மாப்புள்ளமார் மாதிரி."

கலியாணம் முடித்து றம்ஸியாவின் வீட்டுக்கு வந்தவன் நளீம். "மதினி, நான் மீனெல்லாம் கொண்டாறன்," என்றான் மெதுவாக.

றம்ஸியா மாமரத்தடிக்குப் போய்க் கூடையின் மூடியைத் திறந்தாள். குஞ்சு விளிம்பில் ஏறி நின்றது. இரண்டு செட்டையையும் விரித்துப் பார்த்தது. எழும்பியது. மாங்கொப்பில் தடுமாறி, அங்கிருந்து வேலியைத் தாண்டித் தென்னோலையில் போய்த் தொற்றிக்கொண்டது. விழவில்லை. இரண்டு காகங்களும் விரைந்து போய் இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்தன. ஒன்றின் அலகில் பக்கத்து வளவில் களவெடுத்த கருவாட்டுத் துண்டு. அதைக் குஞ்சின் வாய்க்குள் திணித்தது.

றம்ஸியா ஹெல்மெட்டைக் கழற்றினாள். "ராத்தா, அது தங்கட புள்ளையில்ல, குயிலெண்டு அந்தக் காகத்துக்குத் தெரியாதா?"

நஜ்லா சட்டென்று அவள் கையைப் பிடித்தாள். கண் தென்னை மரத்திலேயே இருந்தது.

"மெல்லக் கதை," என்றாள். "கேட்டுரும்."