வாயில் வைத்த கிழங்கு

வெர்லன் என் கீழ்ப்பல் இரண்டை மண்வெட்டிப் பிடியால் உடைத்தான். அதற்கு முன்பே நான் அவன் காதைக் கிழித்துவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேருக்கும் அறுபது தாண்டிவிட்டது. சண்டை ஓர் அல்லிக்காக.

என் அக்கா ஒடீல் பதினோரு வருடம் மகரந்தம் மாற்றி மாற்றி உண்டாக்கிய வெப்பநாட்டு அல்லி அது. கருநீலப் பூ, நடுவில் மட்டும் செம்பு நிறம். உலகத்தில் இரண்டே செடிதான். ஒன்று அவளும் புருஷன் வெர்லனும் வாழ்ந்த வீட்டுக் குளத்தில், மற்றது என்னிடம். போன வருடம் ஜூனில் அவன் அவள் மணிக்கட்டை முறித்தான். அப்போதே அவளுக்குப் புற்றுநோய் முற்றியிருந்தது. நான் போய்க் கூட்டிவந்தேன். ஆகஸ்டில் என் வீட்டில் செத்தாள். நடுவில் மூன்று தரம் அவன் என் கேட்டுக்கு வந்தான். மூன்று தரமும் துப்பாக்கியைக் காட்டி விரட்டினேன்.

எங்கள் டெக்சஸ் கடலோரத்தில் குளிர்காலத்துக்கென்று யாரும் அல்லியைத் தோண்டி எடுப்பதில்லை. குளத்திலேயே கிடக்கும், வசந்தத்தில் தானே துளிர்க்கும். இந்த ஜனவரியில்தான் நாலு நாள் கடும் உறைபனி, குளமெல்லாம் உறைந்துவிடும் என்று ரேடியோவில் சொன்னார்கள். கிழங்கு இருந்தால் ஈரமணல் போட்ட ஜாடியில் புதைத்து அலமாரிக்குள் வைத்துப் பிழைக்க வைக்கலாம். என் செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். கிழங்கே இல்லை. வெறும் வேர், அதுவும் அழுகல். அக்கா ஞாபகமாக அக்டோபர் முடியும்வரை உர மாத்திரையாக ஊட்டியிருந்தேன். வயிறு நிறைந்த அல்லி கிழங்கு வைக்காது. முப்பது வருடம் அல்லி வளர்த்தவள் நான், அழுதுகொண்டே இந்த மடத்தனத்தைச் செய்திருக்கிறேன்.

மிச்சம் இருந்தது வெர்லன் குளத்துச் செடி ஒன்றுதான்.

ஞாயிறு காலை அவன் சர்ச்சுக்குப் போயிருப்பான் என்று கணக்குப் போட்டுக் குளத்தில் இறங்கினேன். இடுப்பளவு தண்ணீர் எலும்பைக் குடைந்தது. சேற்றில் துழாவி, செடி நட்டிருந்த தொட்டியைத் தூக்கி சிமெண்டுக் கரையில் வைக்கும்போது அவன் வண்டி வந்து நின்றது. வெள்ளைச் சட்டையோடு, கையில் மண்வெட்டியோடு வந்தான்.

"என் குளத்துல என்னடி பண்ற, நெல்டா?"

"ஒடீலோட செடிய எடுக்கறேன். நாளைக்கு உறைஞ்சிரும்."

"உறையட்டும். அவ போன நாள்லேந்து அதுக்கு ஒரு மாத்திர போடல. வேணும்னேதான் இந்தச் சின்னத் தொட்டியிலயே நெருக்கி வெச்சேன். அவளத்தான் உங்கிட்டேந்து மீட்க முடியல. இதாவது சாகட்டும்."

தொட்டியைக் கவிழ்த்தேன். தண்டுக்கடியில் வாதுமைக்கொட்டை அளவில், கறுப்பாக, கல் மாதிரி நாலு கிழங்கு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்திருக்கக் கூடாது.

"மடையா, பட்டினி போட்டாத்தான் இது கிழங்கு வைக்கும். நான் ஊட்டியே கெடுத்தேன். நீ கொல்லப் பாத்து காப்பாத்தி வெச்சிருக்க."

அவன் முகம் வெளுத்தது. சட்டை பூட்ஸோடு அப்படியே தண்ணீருக்குள் குதித்தான். தலைமுடியைப் பிடித்தான். நான் அவன் காதைப் பிடித்தேன், நகம் இறங்கும்வரை இழுத்தேன். அவன் கத்திக்கொண்டே மண்வெட்டிப் பிடியை என் வாயில் குத்தினான். பிறகு என் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கினான். கரையிலிருந்து எடுத்த ஒரு கிழங்கு என் கையில் இருந்தது. உள்ளே, ரத்தமும் சேறும் தொண்டைக்குப் போகும்போது, அதை வாயில் போட்டுக்கொண்டேன். மூச்சு முட்டியது. அவன் தொடையை முழங்காலால் இடித்தேன், வழுக்கியது, மறுபடி இடித்தேன். இன்றைக்கு இங்கேயே முடிந்தது என்று நினைத்தபோது அவன் கை என்னை விட்டது.

நான் தலையைத் தூக்கி மூக்கால் மூச்சு வாங்கினேன். அவன் கரையில் ஏறிக் கிழங்குகளை பூட்ஸால் மிதித்துக்கொண்டிருந்தான். ஒன்று, இரண்டு, மூன்று. வெள்ளைக் கூழ் சிமெண்டில் தேய்ந்தது. நாலாவது தண்ணீரில் விழுந்து தொலைந்தது என்று நினைத்திருப்பான்.

பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். காதிலிருந்து ரத்தம் காலரில் வழிந்தது. துடைக்கவில்லை.

"நெல்டா, ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போ. கடைசியில என்னப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

கன்னத்துக்குள் கிழங்கு குளிர்ந்து கிடந்தது. வாயைத் திறந்தால் அவன் பார்த்துவிடுவான்.

"ஒரு வார்த்த கூடவா இல்ல?"

நான் பேசாமல் கரையேறினேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

சாகிற அன்று காலையில் ஒடீல் என் கையைப் பிடித்து, "வெர்லன் சாப்பிட்டானான்னு யாரையாவது விட்டுக் கேளு, நெல்டா. அவனுக்கு ஒரு முட்ட கூடப் பொரிக்கத் தெரியாது" என்றாள். கட்டுப் போட்ட கையாலேயே பிடித்துச் சொன்னாள். அப்போது எனக்கு அவள் மேல் வந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை.

கிழங்கு ஏப்ரலில் துளிர்த்தது. போன வாரம் பூத்துவிட்டது, அதே கருநீலம். இப்போது என் வாயில் ஒன்றும் இல்லை. வெர்லன் வீடு இங்கிருந்து ஆறு மைல். இன்னும் போய்ச் சொல்லவில்லை.