காத்திருக்கவும்

என் அண்ணனை எல்லோரும் 'ரூல்ஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். நடப்பவர்களுக்கான பச்சை விளக்கு எரியாமல் சாலையில் கால் வைக்க மாட்டான். ஈ, காக்கா இல்லாத சாலையானாலும் நிற்பான். கூடப் போகிற எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

"வண்டியே இல்லையே அண்ணா, வாயேன்."

"வண்டி இல்ல பாப்பா. சிக்னல் இருக்குல்ல?"

அப்படிப்பட்டவனை நூலகத்துக்கு முன்னால் இருக்கும் சந்திப்பில் ஒரு வேன் அடித்துப் போட்டது. இடுப்பெலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவனுக்கு சிக்னல் துறையிலிருந்து அறிக்கை வந்தது. விபத்துக்குக் காரணம் பாதசாரியின் அலட்சியம் என்று எழுதி, கீழே ஒரு பொறியாளர் கையெழுத்துப் போட்டிருந்தார். அதன் நகல் டிரைவிங் ஸ்கூலுக்கும் போயிற்று. சிவப்பு விளக்கில் சாலையைக் கடந்தவன் மற்றவர்களுக்கு என்னத்தைச் சொல்லிக்கொடுப்பான் என்று அண்ணனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

"தப்பு என்னோடதுதான். சிவப்புலதான் எறங்குனேன்" என்று சொல்லிவிட்டு அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அந்தக் கையெழுத்துக்காரரைச் சும்மா விடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

நான் சலூன் நடத்துபவள். எனக்கு வாயும் கத்தரியும் சேர்ந்துதான் ஓடும். நகரத்துக் கேமராப் பதிவு, சிக்னல் பராமரிப்பு விவரம் எல்லாம் பொது ஆவணம், கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்று முடி வெட்ட வந்த ஒருத்தி சொன்னாள். போய்க் கேட்டேன். கவுண்டரில் இருந்தவர் பாதுகாப்புக் காரணம் என்று இழுத்தார். திரும்பத் திரும்பப் போனேன். என் தலையைக் கண்டாலே அவர் சாப்பிடப் போக ஆரம்பித்தார். நானும் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனேன். எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன். கடைசியில் வெறுத்துப்போய்ப் பதிவைக் கொடுத்துவிட்டார்.

அதில் அண்ணன் நிற்கிறான். பட்டனை அமுக்குகிறான், நிற்கிறான், மறுபடி அமுக்குகிறான். பக்கத்தில் வந்தவர்கள் எல்லாம் ஓடிக் கடந்துவிடுகிறார்கள். அவன் மட்டும் நிற்கிறான். பச்சை வரவேயில்லை. ரொம்ப நேரம் கழித்து, ஒரு கையைத் தூக்கிக் காட்டியபடி, தயங்கித் தயங்கிக் காலைக் கீழே வைக்கிறான். வேன் வருகிறது. அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை.

மறுநாளே நானும் போய் அந்தப் பட்டனை அமுக்கிப் பார்த்தேன். பச்சை வரவில்லை. யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் ஓடிப்போய்ச் சரி செய்துவிட்டு, எப்போதும் நன்றாகத்தான் இருந்தது என்பார்கள். அந்தப் பொறியாளர் அங்கே நிற்பதை நான் பார்க்க வேண்டும்.

அறிக்கையை எதிர்த்து நான் போட்ட மேல்முறையீட்டு விசாரணைக்கு ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார். அவர் முன்னால் பொறியாளர் சட்டை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார்.

"பட்டன் நல்லாத்தான் இருக்கு மேடம். கன்ட்ரோல் ரூம் ஸ்கிரீன்ல ஓகேன்னு காட்டுது. இவங்க அண்ணன் இன்னும் கொஞ்சம் நின்னிருக்கணும். ஜனங்களுக்குப் பொறுமை கெடையாது."

"நேர்ல போய் அமுக்கிப் பாத்தீங்களா சார்?" என்று கேட்டேன்.

"ஸ்கிரீன்ல தெரியறதுக்கு நேர்ல எதுக்கும்மா போகணும்?"

மேடம் பேனாவை மூடினார். "சரி, நாளைக்குக் காலையில அங்கேயே வந்துடுங்க. எல்லாரும் சேர்ந்தே பாத்துடலாம்."

மறுநாள் நானும் பொறியாளரும் சாலைக்கு இந்தப் பக்கம் நின்றோம். மேடத்தின் கார் அவரை எதிர்ப்பக்கம், நூலகத்து வாசலில் இறக்கிவிட்டது. பொறியாளர் பட்டனை அமுக்கினார். 'காத்திருக்கவும்' என்ற எழுத்து சிவப்பாக எரிந்தது.

"பாத்தீங்களா? எரியுது."

"எரியுது சார். நிப்போம்."

நின்றோம். வண்டிகளுக்கான விளக்கு மாறி மாறி எரிந்தது. எங்களுக்கு மட்டும் பச்சை இல்லை. அவர் கட்டைவிரலால் அமுக்கினார், உள்ளங்கையால் அடித்தார், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து முழங்கையாலும் ஒரு இடி இடித்தார். வெயில் ஏறியது. அவர் முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது. எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

எதிர்ப்பக்கத்தில் மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இவரைப் பார்த்து வாருங்கள் என்று கையைக் காட்டினார்.

"மேடம் கூப்பிடறாங்க" என்றார்.

"சிவப்பு எரியுது சார்" என்றேன், தேன் ஒழுக.

அவர் என்னை முறைத்துவிட்டுச் சாலையில் இறங்கினார். வளைவில் ஒரு லாரி வேகமாக வந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். ஒரு கணம், ஒரே ஒரு கணம், என் கை எழவில்லை. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அப்புறம் காலரைப் பிடித்து ஒரே இழு. சட்டைப் பொத்தான் தெறித்தது. அவர் நடைபாதையில் போய் விழுந்தார். லாரி உரசிக்கொண்டு போயிற்று.

"ரொம்ப நன்றிம்மா" என்றார்.

"நன்றியெல்லாம் வேணாம் சார். நீங்க செத்துட்டா எங்கண்ணன் அறிக்கையை யாரு திருத்துவா?"

திருத்தினார். எப்போதோ சாலையைத் தோண்டியபோது பட்டனின் கம்பி அறுந்திருக்கிறது. எழுத்து எரிவதற்கு மட்டும் மின்சாரம் இருந்திருக்கிறது, அதைத்தான் ஸ்கிரீனும் நம்பியிருக்கிறது. 'பாதசாரியின் மீது தவறில்லை' என்று எழுதி அதே பேனாவால் கையெழுத்துப் போட்டார். டிரைவிங் ஸ்கூலிலிருந்து ஆள் வந்து அண்ணனைக் கூப்பிட்டார்கள். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

அதோடு விட்டிருக்கலாம். என்னால் விட முடியவில்லை. பொறியாளர் பட்டனோடு மல்லுக்கட்டிய அந்தக் காலையின் பதிவையும் கேட்டேன். கவுண்டர்க்காரர் என் டப்பாவைப் பார்த்தார், மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டார். அதைக் கொண்டுவந்து சலூன் டிவியில் போட்டேன். காலையில் ஷட்டரைத் தூக்கினால் இரவு வரை அதுதான் ஓடும்.

"போதும் பாப்பா, பாவம் அவரு" என்றான் அண்ணன், ஊன்றுகோலோடு வாசலில் நின்று.

"உனக்குப் போதும். எனக்கு இன்னும் ஆறல."

ஒருநாள் பொறியாளரே வந்தார். கடையில் ஆட்கள் இருந்தார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்த வீடியோவை எடுத்துடும்மா. என் பொண்ணோட ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் பாத்துட்டாங்க. அவ வெளியிலயே வரமாட்டேங்கறா."

எனக்கு அந்தப் பெண்ணின் முகம் தெரியாது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்த ஒரு முதுகுதான் தெரியும்.

"அது பொது ஆவணம் சார். யாரு வேணும்னாலும் பாக்கலாம். ஆட்சேபணை இருந்தா எழுதிக் குடுங்க."

"குடுத்தா எப்ப எடுப்பே?"

மூலையில் இருந்த நாற்காலியைக் காட்டினேன்.

"உக்காருங்க சார். கொஞ்சம் பொறுமை வேணும்."

அவர் உட்கார்ந்தார். நேர் எதிரே டிவியில் அவரே பட்டனை அமுக்கிக்கொண்டு நின்றார். நான் அடுத்த ஆளுக்குத் துண்டைப் போர்த்திவிட்டுக் கத்தரியை எடுத்தேன். எனக்கு ஒரு அவசரமும் இல்லை.